கோட்டுக்குள் இருந்த கை

பியானோக்காரி என்றுதான் எல்லோரும் அவளைச் சொல்வார்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தே தம்பி தங்கைகளைக் கரையேற்றியவள். பேய்ப்படம் எடுக்கிறவர்கள் ஒருநாள் அவளைத்தான் வந்து பிடித்தார்கள்.

பியானோ வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் போய், தூக்கில் செத்த கொலைகாரனின் கையை டாக்டர் தைத்துவிடுகிற கதை. நடித்தவனுக்கோ பியானோவைத் துடைக்கக்கூடத் தெரியாது. அதனால் அவன் கோட்டைத் தோளில் மட்டும் மாட்டி, தன் கைகளை உள்ளே ஒடுக்கிக்கொண்டு சும்மா உட்காருவான். அவள் பின்னால் மண்டிபோட்டு, கோட்டின் கைகளுக்குள் தன் கையை விட்டு வாசிப்பாள். கொலைகாரன் கையாகத் தெரிய அவள் விரலெல்லாம் கோந்து தடவி முடி ஒட்டுவார்கள், மணிக்கட்டில் தையல் வரைவார்கள். இருபது நாள் அவன் முதுகு வியர்வையை மோந்துகொண்டு வாசித்தாள். கேட்டது ஒன்றே ஒன்று: படம் தொடங்கும்போது அவள் பெயரும் வர வேண்டும். டைரக்டர் நன்றாகத் தலையாட்டினார்.

கடைசி நாள் தையல் வரைந்துகொண்டே மேக்கப்காரர் உளறிவிட்டார். படத் தொடக்கத்தில் காட்டும் பெயர்ப் பலகையெல்லாம் எழுதியாகிவிட்டது, எதிலும் அவள் பெயர் இல்லையாம். அவள் நேரே டைரக்டரிடம் போய்க் கேட்டாள். அந்த மனுஷன் சிரித்தார்.

"பொம்பளை கைன்னு தெரிஞ்சா எவன்மா பயப்படுவான்?"

அவள் போய் மண்டிபோட்டு வாசித்தாள். அன்று பியானோக் கட்டைகளை அவள் அறைந்த அறையில், ஏணிமேல் நின்ற விளக்குக்காரர்கூட அசையவில்லை. ஷாட் முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கதாநாயகனின் வயிற்றுக்கு முன்னால் பத்து விரலையும் கோத்துப் பூட்டிக்கொண்டாள். காலையிலிருந்து ராத்திரிவரை பியானோ வாசித்த விரல், எவன் பிரிப்பான்?

பெயரை எழுதினால்தான் விடுவேன் என்றாள். அதட்டினார்கள், கெஞ்சினார்கள். டைரக்டரே வந்து இழுத்துப் பார்த்தார். அவர் இழுக்க இழுக்கக் கதாநாயகனுக்குத்தான் மூச்சு முட்டியது.

"அக்கா, அவசரமா பாத்ரூம் போகணும்க்கா," என்று முனகினான்.

"என்கிட்ட ஏன் சொல்றே? பொம்பளை கைக்கு யாரும் பயப்பட மாட்டாங்களாம், அவர்கிட்ட சொல்லு."

அவன் டைரக்டரைப் பார்த்தான். "எனக்குப் பயமா இருக்கு சார். எழுதிக் குடுத்துடுங்க."

பெயர் எழுதுகிறவர் பலகையும் தூரிகையுமாக ஓடிவந்தார். 'பியானோ வாசித்த கை' என்று போட்டு, அதன் கீழே அவள் பெயரை, அவள் கண் முன்னாலேயே எழுதினார்.

"போதுமா? இப்பவாவது விடும்மா," என்றார் டைரக்டர்.

"பெயிண்ட் காயட்டும்," என்றாள்.

ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடக்கூடிய ஆட்கள் அவர்கள். காய அரை மணி நேரம் ஆயிற்று.