சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு

கையை ஒடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்த தன்னை என்ன ஏது என்று கேட்காமல், வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்ட ஆறாம் வகுப்பு வாத்தியாரை வெல்டர் முப்பத்தைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் படிப்பு அதோடு சரி. அதனால், நாற்பது வயதில் அவர் மனைவி மாணவி ஆனபோது, அவள் பெயரை மட்டும் எவனும் அடித்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

பதினான்கு வருஷமாக ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, கழிவுச் சட்டி எடுத்தவள் அவள். புதிதாக வந்த நிர்வாகம், மூன்றாவது மாதக் கடைசிக்குள் உதவியாளர் சான்றிதழ் காட்டாதவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. வகுப்பு வீடியோவில். தினமும் மதியம் இரண்டு மணி நேரம்.

மீந்த கம்பியில் வெல்டர் செல்போனுக்கு ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். அலமாரிக் குப்பை தெரியாமலிருக்க அவள் பின்னால் போர்வை கட்டினாள். முதல் வாரம் பாடம் எடுத்த மேடம் பெயரைக் கூப்பிட்டதும் மரியாதையாக எழுந்து நின்று பதில் சொன்னாள். திரையில் வயிறு மட்டும் தெரிந்தது. கூடப் படித்த சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர், ஒரே மின்சார இணைப்பு. வெல்டிங் மிஷின் கரண்டை இழுத்தால் உள்ளே நெட் பெட்டி செத்துவிடும்; உயிர் வர ஐந்து நிமிஷம் ஆகும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சுவரில் இரண்டு தட்டு தட்டினால் வகுப்பு ஆரம்பம், ஒரு தட்டு என்றால் முடிந்தது. நடுவே அவர் அரம் போடுவார், அளவெடுப்பார், மிஷினைத் தொடமாட்டார். மூன்று மாதத்தில் ஒரு வகுப்பும் அறுந்ததில்லை.

செய்முறைக்கு அவர்தான் நோயாளி. திருப்புவதற்கு முன் நோயாளியிடம் சொல்ல வேண்டுமாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

“நோயாளி குறட்டை விட்டா என்ன பண்றதுன்னு புத்தகத்துல போடலையே.”

“பொறுத்துக்கணும்” என்பார், கண்ணைத் திறக்காமல்.

தேர்வன்று அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்றார்கள். தலையணைகளைப் போர்வையில் சுற்றி நோயாளி ஆக்கினாள். வெல்டர் பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே இரும்புக் கேட் வாங்க வந்தவன் நின்றுகொண்டு உயிரை எடுத்தான். அரை மணி நேரம் சும்மாவே அரத்தைத் தேய்த்து அவனைச் சமாளித்தார்.

உள்ளே, கட்டில் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் நகர்த்துங்கள் என்றார் மேடம். அவள் நகர்த்தினாள். கட்டிலின் தலைப்பலகை சுவரில் இடித்தது. ஒரு தட்டு.

வெல்டர் முகமூடியை இறக்கினார்.

அவள் செல்போனோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுதா?” என்று சிரித்தபடி கேட்டார்.

“இல்லீங்க. திருப்பிட்டு இருந்தேன்.”

நெட் திரும்பியபோது அடுத்தவளுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேடம் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் போனவர்கள் வராதவர்கள் கணக்கு, அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து, அவ்வளவுதான். வெல்டர் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். தப்பு தன்னுடையது, மிஷினைப் போட்டது தான்தான், அவள் வேலையே போய்விடும் என்று கரி படிந்த முகத்தைத் திரைக்குள் நுழைத்துப் பேசினார். விடாமல் பேசினார். மைக் அணைந்திருந்ததை அவள் பார்த்தாள். மேடம் அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பேசுகிறேன் என்று அவர் தினமும் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மாதக் கடைசி நாள், ஒரு சின்னச் சாவியை அவர் கையில் வைத்தாள். அப்போது சொன்னதுதான் அவள் அவரிடம் கடைசியாகக் கேட்டது. அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை.

“லாக்கர்ல என் செருப்பும் சீப்பும் இருக்கு. எடுத்துட்டு சாவியக் குடுத்துடுங்க. வார்டுல யாராவது கேட்டா, எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.”