நடுக்க மருந்து

அந்த மருந்துக்கு நீளமான இங்கிலீசுப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரும் அதைச் சொல்லமாட்டார்கள். நடுக்க மருந்து என்போம். ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நோயாளி பல்லோடு பல் அடிக்க நடுங்குவார், கட்டிலே கிடுகிடுக்கும். இரத்தத்தில் பூஞ்சணம் பிடித்தால் கொல்ல அந்தக் காலத்தில் எங்களிடம் அதுதான் இருந்தது. பூஞ்சணத்தையும் கொல்லும், விட்டால் சிறுநீரகத்தையும் தின்னும்.

வெள்ளம் வடிந்து, அகதி முகாம்களில் காய்ச்சல் பரவிய வருடம். நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியவர்களை உழவு மெசினில் போட்டுக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு நடுவே ஷெல் பட்டவர்களும் வருவார்கள். எங்களிடம் இருந்தது நாலே நாலு கட்டில். நான் அங்கே தாதி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எல்லாருக்கும் தெரியும்.

டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், ஒல்லி, முன்கோபி. காய்ச்சல் இறங்காத ஒவ்வொருவருக்கும் அந்த மருந்தைக் கேட்டுச் சொந்தக்காரர் அழுவார்கள், காலில் விழுவார்கள். மனுஷன் அசையமாட்டார். "பிள்ளை, இது கொத்தமல்லித் தண்ணியில்லை, காய்ச்சல்காரர் எல்லாருக்கும் ஊத்த. இரத்தத்தில பூஞ்சணம் எண்டு லாப் சொன்னால் மட்டும் குளிர்ப்பெட்டியைத் திற" என்பார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

லாப் அப்படிச் சொன்னது ஒருத்திக்குத்தான். ஏறாவூர்ப் பெண், இரண்டு பிள்ளைக்காரி. வயிற்றில் ஷெல் துண்டு பட்டு, குடல் வெட்டித் தைத்துக் கிடந்தாள். அவளுக்கென்று கொழும்பிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மருந்து வந்தது, அவளுக்கு அளவாக. வெளிச்சம் படக்கூடாது என்று போத்தலுக்கு மண்ணிறக் கடதாசி சுற்றி ஏற்றுவேன். நடுக்கம் வந்ததும் இருக்கிற போர்வையெல்லாம் போட்டு அவளை அமுக்கிப் பிடிப்பேன்.

"அல்லாஹ்வே! மிஸ்ஸி, விட்டிராதீங்க!"

"விடமாட்டன் கா, நீ நல்லா நடுங்கு."

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தாள். இன்னும் பாதி மருந்து மிச்சம் இருந்தது. அதையும் ஏற்றி முடித்தால் வீடு, பாதியில் விட்டால் பூஞ்சணம் திரும்பப் பிடித்து ஆளைக் கொண்டுபோகும். இதை டொக்டர் அவளுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்.

எதிர்க் கட்டிலில் ஓர் இளந்தாரி, முகாம் காய்ச்சலில் நெஞ்சு அடைத்து, மெசினில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். அவனுடைய அண்ணன் தோளில் துவக்கு மாட்டித் திரிகிற துவக்குக்காரன். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று கேட்காதீர்கள். அடி வாங்கின எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் பகல், நோயாளி பார்க்கும் நேரத்தில் அவனுடைய அக்காக்காரி வந்தாள். சித்தாண்டிக் கோயில் விபூதியைத் தம்பியின் நெற்றியில் பூசி, மிச்சத்தைக் கிள்ளி நாக்கிலும் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்தில் யாருக்கு நோய், வருத்தம் என்றாலும் செய்வதுதான். பின்னாலேயே அண்ணன் வந்தான், கூட இரண்டு பேர். தம்பியின் வாயைப் பார்த்தான்.

"வாயெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. பூஞ்சணம் பிடிச்சிருக்கு. முன்கட்டில் சோனகப் பொம்பிளைக்கு இருக்கிற மருந்து என்ட தம்பிக்கு இல்லையா?"

நான் துணியை நனைத்து நாக்கைத் துடைத்தேன். வெள்ளை முழுவதும் துணியோடு வந்தது. அடியில் சிவந்த நாக்கு. "பூஞ்சணமில்ல, விபூதி. உங்கட அக்கா வெச்சது" என்றேன். கூட வந்தவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு வினையாகப் போனது. துவக்குக்காரனுடைய முகம் கறுத்தது.

"எண்டாலும் போடு. வராம இருக்கப் போடு."

"வராமல் இருக்கப் போடுற மருந்தில்லை இது," என்றார் டொக்டர். "உங்கட தம்பியின்ர சிறுநீரகம் போயிடும். நான் எழுதமாட்டன்."

துவக்குப் பிடி அவர் வாயில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். விழுந்தவரை மறுபடியும் இடித்தான், சப்பாத்துக் காலால் மிதித்தான். பல் நிலத்தில் கிடந்தது. பிறகு என் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மருந்து அறையில் குளிர்ப்பெட்டியைத் திறக்க வைத்தான். கலக்கி முடிக்கும்வரை துவக்கு என் விலாவில். கட்டையில போவான், கண்ணை இமைக்கவும் இல்லை.

ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தது. நினைவில்லாமல் கிடந்தவன் துள்ளினான், மெசின் கத்தியது.

"நஞ்சு போட்டுட்டாளுகள்!"

அண்ணன்காரன் ஊசியைப் பிடுங்கினான். தம்பியின் இரத்தம் என் முகத்தில் அடித்தது.

"அந்த மருந்துட குணம் அதுடா, மடையா! அந்தா கிடக்கிறவளும் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் நடுங்கிறாள்!" என்று கத்தினேன். அவன் கேட்டால்தானே? துவக்கால் என் கன்னத்தில் அடித்துத் தள்ளிவிட்டு மருந்து அறைக்குள் போனான். குளிர்ப்பெட்டியைச் சல்லடையாகச் சுட்டான். நான் தவழ்ந்து போய்ப் பார்த்தபோது கண்ணாடித் தூளுக்குள் மஞ்சள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு குப்பிகூட மிஞ்சவில்லை. வாய்விட்டு அழுதேன்.

தம்பிக்காரன் பிழைத்தான், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். கொழும்புக்குத் திரும்பவும் சொல்லி அனுப்பினோம். பாதை பூட்டியிருந்தது, மருந்து வரவில்லை.

ஏறாவூர்ப் பெண் வெடிச்சத்தம் கேட்டதும் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டவள். சுவருக்கு அந்தப் பக்கம் எதைச் சுட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த நாள் வழமையான நேரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் டொக்டரைப் பார்த்தேன். தாடை கட்டியிருந்ததால் அவரால் பேச முடியாது, அவளுக்குச் சொல்லவேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். வெறும் குளுக்கோசுக்கு மண்ணிறக் கடதாசி சுற்றிக் கொழுவினேன். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

போத்தல் முடிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ்ஸி, இண்டைக்கு நடுங்கவே இல்லையே! சுகம் வந்திட்டுது போல. பெருநாளைக்கு ஊட்டுக்குப் போயிருவன், என்ன?"

"ஓம் கா, போயிருவாய்," என்றேன்.

பெருநாளைக்கு முந்தின வாரம் அவளுடைய புருஷன் வந்து, வெள்ளைத் துணியில் பொதிந்த ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போனார்.