தபால்பெட்டியில் கிடைத்த குடும்பப் பெயர்

குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்களுக்கு இருந்ததேயில்லை. அப்பாவின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டே காலம் போனது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் வினை வந்தது. அப்பாவின் பெயர் பிரெஞ்சில் பத்தொன்பது எழுத்து. எந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அடங்காது. விரும்பினால் பிரெஞ்சுப் பெயர் கேட்கலாம் என்றார்கள். பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் எங்கள் கட்டடத்துத் தபால்பெட்டி ஒன்றில், எப்போதோ வீடு மாறிப்போன யாரோ ஒருவரின் பெயர் ஒட்டியிருந்தது. ஐந்தே எழுத்து. அதையே எழுதிக் கொடுத்தேன். "நல்ல சுருக்கமாக் கிடக்கு" என்று என் தம்பியும் மச்சானும்கூட அதையே எடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்பா கொதித்துப் போனார். "அப்ப நீ இனி ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தவர், மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. நானும் வீம்புக்காரன்தான்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெயருள்ளவர்கள் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிறார்களாம், உறவினரே, வருக!

"போகாதேங்கோ, பேர்க் கள்ளன் எண்டு பிடிச்சுக் குடுப்பாங்கள்," என்றாள் மனைவி. லா சப்பல் தமிழ்க் கடையில் நூறு ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன்.

மண்டபச் சுவர் முழுக்க வம்ச வரைபடம். வரைந்த பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். எந்தக் கிளை என்று கேட்டார். தபால்பெட்டிக் கிளை என்று உண்மையைக் கக்கிவிட்டேன். அவர் ரோல்ஸை மென்றபடி யோசித்தார்.

"எங்கள் முதல் ஆளும் தேவாலய வாசலில் கிடந்த குழந்தைதான். பாதிரியார் வாயில் வந்ததைப் பெயராக வைத்தார்," என்றார். பிறகு பேனையை எடுத்து என் அப்பாவின் பெயரைக் கேட்டார். எழுத இடம் போதாமல் வரைபடத்தோடு இன்னொரு தாளும் ஒட்டினார்.

அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அன்றே அழைத்தார்.

"உந்த வெள்ளைக்காரருக்கு நடுவிலை என்ரை பேரை ஆர் எழுதினது?"

"அவையின்ரை பெரியவர், அப்பா. நாங்கள் சொந்தமாம்."

"விசர்க் கதை," என்றார். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை.

அடுத்த மாசியில் அந்தப் பெரியவர் இறந்துபோனதாக அட்டை வந்தது. பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து, சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"எப்பிடிப் போறது? பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டெல்லோ," என்று சீறினார். "நீ அங்கை மச்சம் மாமிசம் ஒண்டும் தின்னேல்லைத்தானே?"

"இல்லை அப்பா," என்று சொல்லி, கடித்த ஆட்டிறைச்சி ரோல்ஸைத் தட்டில் வைத்தேன்.