காளவாசல் சுவரில் ஒரு உலக சாம்பியன்

நான் உலக சாம்பியனாக இருந்தது ஒரே ஒரு கோடைக்காலம்தான். பட்டத்தைக் கொடுத்தது எந்த நீச்சல் சங்கமும் இல்லை, காளவாசலில் இரும்புக் கடை வைத்திருந்த என் தாய்மாமன். அதை அவர் போஸ்டர் அடித்துக் கொடுத்தார்.

ஃபிளெக்ஸ் பேனர் வந்து ஊரை மறைப்பதற்கு முந்தைய வருடங்கள் அவை. மதுரையில் எது நடந்தாலும் தாள் போஸ்டர்தான். காதுகுத்துக்குப் போஸ்டர், கடை திறந்தால் போஸ்டர், ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பிழைத்து வந்தால் அதற்கும் ஒரு போஸ்டர். மாமன் இதில் ஊறியவர். கடைக்குப் புதுத் தராசு வாங்கியபோது நண்பர்களை விட்டு ‘வாழ்த்துகிறோம்’ என்று அடிக்கவைத்தார். வாழ்த்து தராசுக்கா மாமனுக்கா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. போஸ்டரில் வராத எதுவும் நடக்கவேயில்லை என்பது அவர் கட்சி. வந்துவிட்டால் அது நடந்தே தீர்ந்தது என்பதும் அவர் கட்சிதான்.

எங்களுக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம், குடியிருந்தது விளாங்குடி. அப்பா பஸ் டிரைவர். லீவுக்கு ஊருக்குப் போய்க் கிணறு கிணறாகக் குதித்து நீந்தப் பழகிய என்னை, ஸ்டேடியம் குளத்துக் கோச் பிடித்துப் பட்டர்ஃபிளை அடிக்கவைத்தார். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி வீசி, இரண்டு கால்களையும் ஒன்றாக உதைத்து முன்னேறும் நீச்சல் அது. பார்க்கிறவர்களுக்கு ஆள் நீந்துகிறானா முழுகுகிறானா என்ற சந்தேகம் வரும். நீந்துகிறவனுக்கும் அவ்வப்போது வரும். ஆனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. நெஞ்சு தண்ணீரை விட்டு மேலே எழும் அந்த நொடிக்காக விடியுமுன் எழுந்து சைக்கிளை மிதிப்பேன். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்தவன் இல்லை.

மாமனுக்கு ஆண் பிள்ளை இல்லை. டிகிரி முடித்த கையோடு நான் அவர் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவருடைய திட்டம். “குளிக்கிறதுக்கு எதுக்கு மாப்ள கோச்சு?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். இந்த நிலையில்தான் ஆசியப் போட்டி வந்தது. ஐம்பது மீட்டர் பட்டர்ஃபிளைக்கு எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவருக்கு அம்மை போட்டது, இன்னொருவருக்குப் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. நாட்டின் மானத்தைக் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார், பேசினால் பேசியதுதான். “இந்தப் போட்டி முடியட்டும் மச்சான். பெறகு கடைக்கு வந்துருவான். என் சொல்லு இது” என்று மாமனிடம் சொல்லிவிட்டார்.

“ஜெயிச்சா?” என்று நான் கேட்டேன்.

“ஜெயிச்சா பாப்போம்” என்றார். அவருக்கு அது ஒரு பேச்சுக்கு. எனக்கு அது மட்டும்தான் பேச்சு.

அந்த வெளிநாட்டுக் குளத்தில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அத்தனை தெளிவு. எங்கள் ஸ்டேடியம் குளத்தில் நம் கையே நமக்குப் பாதிதான் தெரியும். எனக்குக் கிடைத்தது எட்டாவது பாதை, ஓரச் சுவரை ஒட்டியது. குதித்தேன். கிணற்றில் பழகியவன் செய்வதைச் செய்தேன். உடனே மேலே வந்து கைகளை வீசினேன். வீசிவிட்டுப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான்தான் முதல் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இந்த உலகத்தில் அதைவிடச் சந்தோஷமான கணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

மற்ற ஏழு பேரும் தண்ணீருக்கு அடியில் இருந்தார்கள். இரண்டு கால்களையும் மீன்வால் போலச் சேர்த்து உதைத்துக்கொண்டு அடியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலே வந்தபோது நான் வெகுதூரம் பின்னால் கிடந்தேன். நான் சுவரைத் தொட்டபோது முதலில் வந்தவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துவட்டத் தயாராகிவிட்டான்.

கடைசியாக வருவதில் ஒரு சௌகரியம், முன்னால் போகிறவர்களின் கால்கள் நன்றாகத் தெரியும். அந்த உதையை நான் பார்த்துவிட்டேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பி விரல் நுனி வரைக்கும் போகும் உதை அது. நீச்சல் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. அந்த உதையைப் பழகாமலேயே நான் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கப் போகிறேனே என்று அழுதேன்.

மதுரை ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் மேளம் அடித்தார்கள். யாரோ தலைவர் வருகிறார் என்று ஒதுங்கி நின்றேன். மாமன் ஓடிவந்து என் கழுத்தில் ஆளுயர மாலையைப் போட்டார்.

“மாமா, நான் கடைசி” என்றேன் அவர் காதில்.

“அதெல்லாம் வெளிய பேசாத மாப்ள” என்றார் என் காதில். “போஸ்டர் ஒட்டியாச்சு.”

நடந்தது இதுதான். சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழா போஸ்டர்கள் வந்து குவிந்தால் அச்சகத்தில் நமக்கு இடம் கிடைக்காது என்று மாமன் முன்கூட்டியே அடித்துவிட்டார். அடித்த போஸ்டரை வீட்டில் வைத்து என்ன செய்வது? பந்தயம் நடந்த அன்று காலையிலேயே ஒட்டிவிட்டார். நான் அங்கே தண்ணீரில் இறங்குமுன் இங்கே காளவாசலில் ஜெயித்தாகிவிட்டது.

போஸ்டரில் என் பாஸ்போர்ட் போட்டோ முகத்தை, ஏதோ பத்திரிகையிலிருந்து எடுத்த வெள்ளைக்கார உடம்பின்மேல் வைத்திருந்தார்கள். முதுகில் இரண்டு பெரிய பட்டாம்பூச்சிச் சிறகுகள். ‘அகிலத்தை நீந்தி வென்ற உலக சாம்பியனே, வருக!’ என்று மேலே. கீழே மாமனும் அவர் நண்பர்களும் வரிசையாக, என்னைவிடப் பெரிய முகங்களோடு.

“ஆசியப் போட்டி மாமா அது.”

“ஆசியா என்ன, உலகத்துக்கு வெளியவா இருக்கு?”

திறந்த ஜீப்பில் ஏற்றி ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். காளவாசல் முக்கில் கூட்டம் நின்றுவிட்டது. ஒரு டீக்கடைக்காரர் டீயை என் கையில் திணித்து, “அண்ணே, பட்டாம்பூச்சின்னா பறக்கணுமா நீந்தணுமா?” என்று கேட்டார். தோளில் கிடந்த துண்டோடு ஜீப்பிலேயே கைகளை வீசிக் காட்டினேன். கைதட்டினார்கள். அன்று என் கைவீச்சு மிகப் பிரமாதமாக இருந்தது என்று நினைக்கிறேன், தண்ணீர் இல்லாததால். பின்னாலிருந்து ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தால் உசிலம்பட்டி பஸ். ஸ்டியரிங்கில் அப்பா. ஜன்னல் வழியாக ஒரு பயணி, “டிரைவரண்ணே, ஒங்க மகனாமே!” என்று கத்தினார். “ஆமா. நேரமாச்சு, ஒதுங்கச் சொல்லுங்க” என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“கடைசியா வந்தேன்ப்பா.”

“எத்தன பேர்ல?”

“எட்டுப் பேர்ல.”

“ம்” என்று ரசத்துக்குக் கையை நீட்டினார்.

எப்படித் தோற்றேன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே அந்தக் கால் உதையைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடம் கிடைத்தால் பழகிவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், “சொன்னா சொன்னதுதான்” என்றார். எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஒரு மனிதன் இத்தனை நேர்மையாக இருந்து யாரைக் காப்பாற்றப் போகிறான்?

மறுநாள் மாமனே வந்தார், முகம் சரியில்லை. மிச்சமிருந்த போஸ்டர் கட்டுகளைக் கடையில் வைக்க இடமில்லை என்று எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

“ஒரு சிக்கல் மச்சான்” என்றார் அப்பாவிடம். “இப்ப இவனக் கடையில உக்கார வைக்க முடியாது. உலக சாம்பியன் ஆணி எட போடுறான்னு ஊரே சிரிக்கும். நம்மளத்தான கேவலமாப் பேசுவாய்ங்க?”

“அப்ப என்ன செய்ய?”

“செவத்தவிட்டுப் போஸ்டர் போற வரைக்கும் இவன் குளத்துக்கே போகட்டும். பெறகு வரட்டும்.”

“சரி. போஸ்டர் போற வரைக்கும்” என்றார் அப்பா.

மதுரைச் சுவரில் ஒரு போஸ்டருக்கு ஆயுசு எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து காலையில் குளத்துக்குக் காளவாசல் வழியாகத்தான் போனேன். விளாங்குடியிலிருந்து ஸ்டேடியத்துக்கு அது சுற்று, யாரும் அந்த வழியாகப் போகமாட்டார்கள். நான் போஸ்டரைப் பார்த்துவிட்டுப் போவேன். குளத்தில் மூச்சை அடக்கி அடியிலேயே உதைத்துப் பழகுவேன். “என்னடா, மேலேயே வரமாட்டேங்குற?” என்று கோச் திட்டுவார். மேலே வந்தால் ஒரு இரும்புக் கடை நிற்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போஸ்டர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பசையின் மைதா ருசிக்காக மாடுகள் என் கால்களைத் தின்றன. டயர் கடைச் சுவரில் இருந்த என்மேல் ஒரு பூப்புனித நீராட்டு விழா வந்து உட்கார்ந்தது. பஸ் ஸ்டாப்பில் இருந்த என்னை ஒரு கண்ணீர் அஞ்சலி மூடியது. கடைசியில் மாமன் கடைக்கு எதிர்ச் சுவரில் இருந்த ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் மாமன் கல்லாவிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடை மழையில் அதுவும் பாதி உரிந்து தொங்கியது.

“வர்ற புதன்கெழம நல்ல நாளு மாப்ள” என்றார் மாமன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் புத்தம்புது போஸ்டர். பசைகூடக் காயவில்லை. மாமன் தன் நண்பர்களைக் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. சில நாளில் அதன்மேல் ஒரு திருமணம் வந்தது. அடுத்த நாளே திருமணத்தின்மேல் மறுபடியும் நான். புதன்கிழமைகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. முதலில் எரிச்சலோடு இருந்த மாமன் மெல்ல மெல்லப் பூரித்துப்போனார். “எவன் ஒட்டுறான்னு கேக்குறியா? மக்கள் மாப்ள! மக்களே ஒட்டுறாய்ங்க!” என்று என்னிடமும் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார். நான்கூட ஒரு வாரம் அதை நம்பினேன். எங்கேயோ ஒரு ரசிகன் இருக்கிறான் என்று சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போனேன். வீட்டில் அம்மா, வாங்குகிற மைதா எங்கேதான் போகிறதோ என்று புலம்பியது என் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் விழிப்பு முன்னதாகவே தட்டிவிட, வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. காளவாசலில், மாமன் கடைக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு மொபெட் நின்றது. பக்கத்தில் அம்மாவின் பழைய ஈயச் சட்டி. காக்கிச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, முதல் டிரிப்புக்குப் போகிற வழியில் நின்று, அப்பா என் சிறகை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுருக்கம் இல்லாமல், பொறுமையாக.

சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஸ்டாப் இல்லாத இடத்தில் கைகாட்டும் பயணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டடி பின்னால் வந்து போஸ்டரைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

“கோணலா இருக்கா?”

“இல்லப்பா.”

“மாமங்கிட்ட எதும் ஒளறாத. போஸ்டர் போற வரைக்கும்னுதான சொன்னேன். சொன்ன சொல்லு மாறல.”

கையில் இருந்த பசையைச் சட்டி விளிம்பில் வழித்துவிட்டு, மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். ஏறி உட்கார்ந்தவர் கிளம்பாமல், என்னைப் பார்க்காமல், எதிர்க் கடையின் பூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கட்டிலுக்கடியில இன்னும் ஒரு கட்டுதான் இருக்கு. அது தீர்றதுக்குள்ள எதையாச்சும் ஜெயிச்சுரு.”