வாலுவின் தொட்டி

கதை கட்டுகிறேன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது நடந்தது. நடந்த வீட்டுக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற மனிதர்.

அவருக்கு ஒரே மகள். பதினோரு வயது. வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர். அந்தத் தெருவுக்கு வியாழன் காலை குப்பை வண்டி வரும். சக்கரம் வைத்த பெரிய தொட்டியை முந்தின நாள் மாலையே தெருவோரம் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். அது வாலுவின் வேலை. தொட்டி அவள் நெஞ்சு உயரம் இருக்கும். ஆனாலும் வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. வாயைத் திறந்தால் அவள் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. வாரக்கணக்கில் குப்பை சேர்ந்து, வீட்டின் பின்பக்கம் நாற்றம் எடுத்தது.

ஒரு வியாழன் காலை வேலைக்குக் கிளம்பும்போது மெக்கானிக் பார்த்தார். தொட்டி தெருவோரம் நின்றது. காலியாக. பரவாயில்லை, மனைவி தேறி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவளோ, அவர்தான் வைத்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

ஒரு புதன்கிழமை. மணி ஆறரை. விளக்குப் போடுகிற நேரம். அவர்தான் முதலில் பேசினார்.

“தொட்டிய நீ இழுக்காத. ரொம்ப கனம். இனிமே நான் வைக்கிறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நானா? நீங்கதானே வைக்கிறீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்போதுதான்... பின்பக்கமிருந்து...

கட... கட... கட...

கல் பாவிய நடைபாதையில் சக்கரம் உருளும் சத்தம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தொட்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் யாரும் இல்லை. கொஞ்ச தூரம் போய் நின்றது. மூச்சு வாங்குகிற மாதிரி. மறுபடி நகர்ந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

“வாலு...”

சத்தம் நின்றது.

தொட்டி சாய்ந்தபடி நின்றது. சாய்ந்தபடியே... விழாமல். யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி நிற்கும்.

கைப்பிடியைத் தொட்டார்.

சுட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் பிடித்திருந்த கை சுட்டதே... அதே சூடு.

“போதும்டா கண்ணு. அப்பா பாத்துக்கறேன். நீ விடு.”

கனம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

வாசற்படியில் நின்ற மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் விடச் சொன்னீங்க?”

அன்று இருவரும் விடிய விடிய வாலுவைப் பற்றியே பேசினார்கள். அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு தொட்டி தானாக நகரவில்லை. புதன்கிழமைதோறும் அவரே தள்ளிக்கொண்டு போனார். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள். மறுபடி தள்ளுவார்.

இரண்டு வருஷம் ஓடியது. இதற்கு நடுவே எதிர்வீட்டுக்கு ஒரு தையல்கார அம்மா குடிவந்திருந்தார். ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைப்பவர். இந்த வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

“தப்பா நினைக்காதீங்க சார். புதன்கிழமை ஆனா பாக்கறேன். இப்பல்லாம் எந்தப் பொண்ணு அப்பா கூட நின்னு குப்பைத் தொட்டி தள்ளுது?”

தையல்கார அம்மா கையால் உயரம் காட்டினார்.

“நாங்க வந்தப்போ உங்க நெஞ்சு வரைக்கும்தான் இருந்தா. இப்ப பாருங்க... தோளத் தாண்டிட்டா.”

மெக்கானிக் வீட்டுக்குள் போனார். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம வாலு... வளந்துட்டாளாம்.”