இனிஷியல் சார்

இனிஷியல் சார் நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வேறொன்றுமில்லை, தூதரக வரவேற்பறைப் பெண் உள் தொலைபேசியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இப்படி எழுந்து உட்காருகிறார். கேட்பவர்களிடம் முட்டிக்கு நல்லது என்பார். உண்மைக் காரணம், அது அவர் பெயரே இல்லை. அவருடைய அப்பாவின் பெயர்.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி என்பது அயல்நாட்டுப் படிவங்களுக்குப் புரிவதில்லை. கட்டம் என்று ஒன்று இருந்தால் நிரப்பியாக வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவரும் நிரப்பினார். அன்று தொடங்கி இருபத்திரண்டு வருடங்கள், ஐந்து நாடுகள், எல்லா இடத்திலும் அப்பா பெயர்தான். முதன்முதலில் மேலதிகாரி 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டபோது, அப்பா எங்கே இங்கே வந்தார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாராம்.

"எங்கப்பா பள்ளிக்கூடத்துல மணியடிச்சவரு. பஸ்ல ஏறினா வாந்தி வரும்னு பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்ல. அவரு பேரைப் பாருங்க, அஞ்சு நாட்டு விருந்துல கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்கு!"

சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். ஆனால் விருந்து மேஜையில் அந்தப் பெயர் எழுதிய அட்டை கோணலாக இருந்தால், அதை நேராக்கி வைத்த பிறகுதான் உட்காருவார்.

விருந்துகளும் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான். கை குலுக்குவது, மாநாட்டில் பேசுவது எல்லாம் தூதர் பாடு. இவருக்கு வாய்த்தது கண்ணாடி போட்ட மூன்றாம் கவுன்டர். தொலைந்த பாஸ்போர்ட், கிழிந்த பாஸ்போர்ட், சட்டைப் பையோடு துவைத்துக் காயப்போட்ட பாஸ்போர்ட் என்று வந்துகொண்டே இருக்கும். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால், "உங்க இனிஷியலுக்கு விரிவு என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. அதனாலேயே இனிஷியல் சார் ஆகிவிட்டார். மேல் டிராயரில் முத்திரைகள் இருக்கின்றன. கீழ் டிராயரில் ஒரு சீப்பு, பசை, காலர் வைத்த சட்டை இரண்டு, மடித்த வெள்ளை விரிப்பு. பனியனோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சட்டை. கைக்குழந்தைகளுக்கு விரிப்பு. போட்டோவில் குழந்தை கண்ணைத் திறந்திருக்க வேண்டுமென்பது விதி. விதியை எழுதியவர் பிள்ளை வளர்த்தவராகத் தெரியவில்லை. இவரே விரிப்பில் கிடத்தி, அலமாரிச் சாவிக்கொத்தை ஆட்டி, "இங்க பாருடா ராஜா, அரசாங்கம் கூப்பிடுது!" என்று கொஞ்சுவார்.

வருகிறவர்களின் கையைப் பார்ப்பது இன்னொரு பழக்கம். பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வந்தால் கல்யாணம், விடுமுறை, புது வேலை. பாஸ்போர்ட்டை வெறுங்கையில் பிடித்து வந்தால் வீட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்கமாட்டார். "யாருக்கு?" என்பார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, நாற்பது நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் வெறும் பாஸ்போர்ட். பின்னால் அவள் புருஷன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், தலையில் வேலைத் தொப்பியோடு நின்றான்.

"யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு சார். ஐசியூல வெச்சிருக்காங்க. இவனை ஒரு தடவை அவர் கண்ணுல காட்டிடணும். வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு. இவனுக்குத்தான் பாஸ்போர்ட் இல்ல."

புருஷன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். குழந்தையின் பெயருக்குப் பின்னால் இருந்தது தகப்பன் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் புருஷன் பக்கத்தில் இல்லாத நேரம் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், தன் பாஸ்போர்ட்டில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். அது அவளுடைய அப்பாவின் பெயர்.

"தெரிஞ்சு செய்யல சார். வலியில எல்லாக் கட்டமும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

நகராட்சியில் திருத்தி வாங்க மூன்று வாரம் ஆகும். திருத்தாமல் அப்படியே போடுவதென்றால், அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே கிடைத்துவிடும். இவர் இரண்டையும் சொன்னார். கிரேன்காரனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அதெப்படி சார்? அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் புள்ளைக்கு மாமனார் இனிஷியலா? ஊர்ல சிரிக்கமாட்டாங்க?"

"சிரிப்பாங்க. ஒரு வாரம் சிரிப்பாங்க. அப்புறம் வேற ஆளு கிடைச்சிடுவான்."

அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கவுன்டரில் சொந்தக் கதை பேசுகிற வழக்கம் இனிஷியல் சாருக்குக் கிடையாது. அன்று பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு முடியலன்னு தகவல் வந்தப்போ, என் லீவு லெட்டர் ஒரு மேஜையில கையெழுத்துக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு. ரெண்டே நாள்தான். நான் போய்ச் சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சு, பந்தலைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க."

அது நடந்து பதினோரு வருடம் ஆகியும் அவருக்கு ஆறவில்லை. கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"மூணு வாரத்துல உங்க பேரைப் போட்டுத் தர்றேன், தம்பி. அது பெரிய விஷயமில்ல. அவருக்கு மூணு வாரம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

கிரேன்காரன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அஞ்சு வருஷத்துல புதுப்பிக்கணும்ல, அப்போ உங்க பேரு வந்துடும். அதுவரைக்கும் மாமனாருக்கு இரவல் குடுத்ததா நினைச்சுக்குங்க" என்றார் இவர்.

அவன் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடுக்கில் கைவிட்டுப் படிவத்தை இழுத்தான். கையெழுத்துப் போட்ட வேகத்தில் அடியில் இருந்த தாளிலும் தடம் விழுந்தது. இவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, விரிப்போடு வெளியே வந்தார். அரசாங்கம் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தும் குழந்தை நாலாவது போட்டோவுக்குத்தான் கண்ணைத் திறந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு எல்லாரும் பின் வரிசை பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிற முழுப் பெயரை மைக்கில் வாசித்துத்தான் கொடுக்க வேண்டும், அது விதி. மற்றவர்கள் பெயரையெல்லாம் வாசித்து முடித்து, கடைசியில் குழந்தையின் பெயரையும் அதன் பின்னாலிருந்த பெயரையும் நிறுத்தி, தெளிவாக வாசித்தார்.

கிரேன்காரன் விருட்டென்று எழுந்து நின்றான். கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அசடு வழியச் சிரித்தான்.

"மாமா பேரைச் சொன்னதும் சட்டுனு எழுந்துட்டேன் சார்."

இரண்டு நாளில் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள். மைக் மேஜையோடு சேர்த்துத் திருகி வைத்தது, உயர்த்த முடியாது. அதனால் எப்போதும் உட்கார்ந்தபடிதான் வாசிப்பார் இனிஷியல் சார். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, மைக் மட்டத்துக்கு முதுகை வளைத்து, நின்றுகொண்டிருந்தார்.