ரொனால்டின் மூன்றாவது பெடல்

குனிந்து பெடலின் குமிழை மயிரிழை அளவு வலப்பக்கம் திருப்பி, கம்பியைச் சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார் ரொனால்ட். பிடிக்கவில்லை. இன்னொரு மயிரிழை. மலேசியாவின் லாயாங் லாயாங் ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள அவர் வீட்டில் சாயங்காலங்கள் இப்படித்தான் கழிகின்றன.

மடியில் படுத்திருப்பது ஸ்டீல் கிட்டார். உருக்குத் துண்டு ஒன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கவிட்டால் அது பாடும். காலடியில் கிடப்பது அந்தக் குரலைச் சீர்செய்யும் டோன் பெடல், இரண்டு வருடத்தில் மூன்றாவது. முதலாவது, "சளி புடிச்ச மாதிரி பாடுது லா" என்று கழிக்கப்பட்டது. இரண்டாவதற்காக ஜோகூர் பாரு கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். கடைக்காரர் சாப்பிட்டுத் திரும்பியபோதும் அதே நான்கு சுரங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பாவம் அந்த மனிதர்.

முப்பத்தொரு வருடம் செம்பனை எண்ணெய் ஆலையில், இரையும் கொதிகலனுக்குப் பக்கத்தில் வேலை. காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். "காது வேர்க்குது" என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

போன ஞாயிறு, தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் ஜோஆன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள், ரொம்ப ஷார்ப்பா இருக்கு. முன் வரிசைல காதப் பொத்திக்கிறாங்க." இந்த வாரமும் அப்படியென்றால், கீபோர்டிலேயே ஸ்டீல் கிட்டார் சத்தம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது பாடகர் குழுவின் முடிவு. இருபத்திரண்டு வருடமாக அவர் உட்காரும் நாற்காலி. நினைத்தால் அவருக்குக் கோபம்கூட வருவதில்லை. அசதிதான் வருகிறது.

"நாலாவது ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்கிறார், மீன் கழுவிக்கொண்டிருக்கும் மனைவியிடம்.

டொரத்தி கையைத் துடைத்தபடி வந்து நிற்கிறார். "பெடல்ல ஒண்ணும் இல்லங்க. ஹாஸ்பிட்டல்ல டாக்டர் என்ன சொன்னாங்க? உங்களுக்குக் கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் கேக்கல. நீங்க கூட்டக் கூட்ட எங்களுக்குத்தான் காது கிழியுது."

தெரிந்த விஷயம்தான். பிறர் வாயால் கேட்கும்போது வலிக்கிறது. எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்கிறார்.

கிட்டாரைப் பார்க்காமல் டொரத்தியின் முகத்தையே பார்த்தபடி வாசிக்கிறார். நடுநடுவே குனிந்து குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்புகிறார். சுளித்திருந்த புருவம் மெல்லத் தளர்கிறது. அங்கே நிறுத்துகிறார்.

"இதுவா?"

"இதாங்க உங்க சத்தம்."

ரொனால்டின் காதுக்கு அது பக்கத்து வீட்டில் யாரோ முனகுவதுபோல்தான் விழுகிறது. மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்க்கிறார். பிறகு மேசையிலிருந்த செலோடேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, இனி அசையாதபடி குமிழின்மேல் குறுக்காக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார்.